ஒரு முறைதான் கேட்கலாம்

பிச்சாட்டூர்
14.7.2025

அன்புள்ள தம்பி முனிகிருஷ்ணனுக்கு அக்கா தாட்சாயணி எழுதிக்கொண்டது. நீயும் நந்திதாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். நாங்கள் இருக்கிறோம்.

இந்த விஷயத்தைப் போனில் பேச வேண்டாம், நீ வேலை பார்க்கிற இடம் அப்படிப்பட்டது என்று சொன்னாய். சரி, அதனால்தான் தபால். நான் அஞ்சாவது வரைக்கும் போனவள். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துப் படி.

சத்தியவேட்டுப் பையன் பிரவீன் போன வாரம் வீட்டுக்கு வந்தான். நம் ஹேமநாத்தோடு ரேணிகுண்டா செல்போன் கம்பெனியில் ஒன்றாக வேலை செய்தவன், ஒரே ஏஜெண்டைப் பிடித்து ரஷ்யாவுக்குப் போனவன். வலது கையில் இரண்டு விரல் இல்லை. அவன் படியேறியதும் உன் மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். நான்தான் உட்கார்ந்து கேட்டேன்.

கிடங்கில் மூட்டை தூக்குகிற வேலை என்று சொல்லி அழைத்துப் போனார்களாம். புரியாத எழுத்தில் கையெழுத்து வாங்கினார்களாம். அப்புறம் பட்டாளத்து உடுப்பு.

"அன்னிக்கி பனி கொட்டிக்கினு இருந்துதும்மா. ஹேமு எனக்கு முன்னால போய்க்கினு இருந்தான். மேல பூச்சி மாரி ஒண்ணு சுத்திக்கினு வந்துது. குண்டு போடற பூச்சி. அப்புறம் அவன் எழுந்திரிக்கலம்மா" என்றான்.

"கிட்ட போய்ப் பாத்தியாடா?"

"போவ வுடலம்மா."

இது மாசி மாதம் நடந்தது. அதனால்தான் அவன் போன் அன்றோடு நின்றது. நாம் என்னவோ சிக்னல் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒன்று கொடுத்தான். பிஸ்கட் கவரில் மடித்த முடி. உனக்குத்தான் தெரியுமே, வெளிநாட்டு வேலை கிடைத்தால் மலைக்கு வந்து முடி கொடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டு கழுத்து வரை வளர்த்தான். உன் மாமாகூட, "அதுல ரெண்டு முழம் பூ வெச்சிக்கடா" என்று கிண்டல் செய்வார். வேலை கிடைத்தது. முதல் லீவில் வந்து கொடுக்கிறேன் என்று போனான். போன முதல் நாளே அவர்கள் மழித்துவிட்டார்கள். இது சாமியுடையது என்று அவன் சொன்னது யாருக்குப் புரியும்? கீழே விழுந்ததில் ஒரு பிடி பொறுக்கிப் பிரவீனிடம் கொடுத்து, "யாரு முன்ன ஊருக்குப் போறமோ அவங்க மலையில போட்றணும்" என்றானாம்.

உன் ஆபீஸ் வெளிநாட்டு விவகாரம் பார்க்கிற ஆபீஸ்தானே. எனக்கு ஒன்றே ஒன்று கேட்டுச் சொல். என் பிள்ளை எங்கே கிடக்கிறான்? அவனை அனுப்பச் சொல். ஆரணி ஆற்றங்கரையில் கொண்டுபோய் எரித்துக்கொள்கிறேன். வேறு எதுவும் அந்த ராஜ்யத்திடம் எனக்கு வேண்டாம்.

ஊரில் பாதிப் பேர் கருமாதி எப்போது என்கிறார்கள். பாதிப் பேர் உயிரோடு இருப்பான் என்கிறார்கள். நான் இரண்டு பேருக்கும் தலையாட்டுகிறேன்.

உன் அக்கா,
தாட்சாயணி

*

புது டெல்லி
27.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஆபீசில் வைத்துப் படிக்க முடியவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து படித்தேன். நந்திதா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

அக்கா, நான் பெரிய அதிகாரி இல்லை. பேச்சுவார்த்தை நடந்தால் யார் எங்கே உட்கார வேண்டும், எந்தக் காகிதம் யார் முன்னால் இருக்க வேண்டும் என்று பார்ப்பதுதான் என் வேலை. ஆனாலும் ஹேமநாத் பெயரைச் சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லிவிட்டேன். அவனைப் போல் போனவர்கள் இன்னும் இருக்கிறார்கள். திருப்பி அனுப்புங்கள் என்று நம் நாடு கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. சிலர் வந்தார்கள். பிரவீன் அப்படித்தான் வந்திருப்பான்.

ஒன்று சொல்கிறேன், கோபிக்காதே. கருமாதி இப்போது செய்ய வேண்டாம். அந்த நாட்டுக் கணக்கில் ஹேமநாத் காணாமல் போனவன், இறந்தவன் இல்லை. வீட்டிலேயே காரியம் செய்துவிட்டார்கள் என்று தெரிந்தால், தேடித் தாருங்கள் என்று கேட்க எங்களுக்குப் பிடி இருக்காது. கொஞ்சம் பொறு.

சத்தம் போட்டும் கேட்க முடியாது. எண்ணெய் அவர்களிடம் வாங்குகிறோம், உரம் வாங்குகிறோம், பட்டாளத்துத் தளவாடம் பாதி அவர்களுடையது. அமெரிக்காவுக்கு நம் சரக்கு போகிறது, நம் பிள்ளைகள் படிக்கப் போகிறார்கள். இந்தப் பக்கம் சீனா எல்லையில் நிற்கிறது. பெரியவர்கள் சண்டையில் ஒருவர் பக்கம் சாய்ந்தால் இன்னொருவர் நம்மை மிதிப்பார். நம் நைனா பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருந்தாரே, நினைவிருக்கிறதா? ஊரில் இரண்டு கட்சிக்காரர்களும் வெட்டிக்கொண்ட காலத்திலும் இருவருக்கும் டீ போட்டார். கடை நடந்தது, நான் படித்தேன். நம் நாடும் இப்போது அப்படித்தான் இருக்கிறது அக்கா.

மாமாவைப் பார்த்துக்கொள்.

அன்புத் தம்பி,
முனிகிருஷ்ணன்

*

பிச்சாட்டூர்
31.8.2025

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. பொறு என்றாய், பொறுத்துக்கொண்டிருக்கிறேன். முடியை மஞ்சள் துணியில் முடிந்து அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். சாமி மாடத்தில் வைக்கலாமா என்று கேட்டால் ஒருத்தி வை என்கிறாள், ஒருத்தி தீட்டு என்கிறாள்.

இந்த வருஷம் தோதாபுரி மா நன்றாகக் காய்த்தது, அதுவே வினையாகப் போனது. உன் மாமா டிராக்டரில் ஏற்றிக்கொண்டு மாங்கூழ் பேக்டரி வாசலில் நாள்கணக்காக வரிசையில் நின்றார். போன வருஷத்துக் கூழே டப்பாவில் தேங்கிக் கிடக்கிறது, வெளிநாட்டுக்காரன் எடுக்கவில்லை, அமெரிக்கா வேறு வரி போடப் போகிறது என்று சொல்லிவிட்டார்கள். கடைசி லோடு பழுத்து ஒழுக ஆரம்பித்தது. ரோட்டோரத்தில் கொட்டிவிட்டு வந்தார். மாடுகள்கூட மோந்து பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தன என்றார்.

இப்போது டிவியில் சொல்கிறார்கள், வரி இன்னும் ஏறிவிட்டதாம். ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குவதற்குத் தண்டனையாம். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டார். ஆறு மாசமாக ஊமை மாதிரி இருந்த மனுஷன்.

"அவன்கிட்ட எண்ணெ வாங்குனா இவன் நம்ம மாங்காய அடிக்கிறான். நம்ம புள்ளைய அடிச்சதுக்கு யார்ரா கேக்கறது?"

சோற்றைத் துன்னு முதலில் என்றேன்.

தம்பி, நைனா கடையைப் பற்றி எழுதியிருந்தாய். எனக்கும் நினைவிருக்கிறது. உனக்கு ஒன்று மறந்துவிட்டது. நீ ஏழாவது படிக்கும்போது மேலத்தெருக் கட்சிக்காரன் ஒருவன் உன்னைக் கன்னத்தில் அறைந்தான். அவனும் தினம் நம் கடையில் டீ குடிக்கிறவன்தான். நைனா பாய்லரை அணைத்தார், கடையைச் சாத்தினார். நேராக அவன் வாசலில் போய், "எம் புள்ள மேல எதுக்குடா கை வெச்ச?" என்று கேட்டார். சட்டையைப் பிடிக்கவில்லை, ஏசவும் இல்லை. பதில் வருகிற வரைக்கும் நின்றார். இருட்டும் வரை நின்றார். அவன் வெளியே வந்து தப்புதான் என்றான். மறுநாள் அவனுக்கும் டீ போட்டார்.

டீ போடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எண்ணெய் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வண்டி ஓட வேண்டும், அடுப்பு எரிய வேண்டும், எனக்கும் தெரியும். போய் நின்று கேட்கிற ஆள் யார் என்றுதான் கேட்கிறேன்.

அசதியாக இருக்கிறது. இதை எழுதவே நாலு நாளாயிற்று.

உன் அக்கா,
தாட்சாயணி

*

புது டெல்லி
10.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபித்திருப்பாய். எழுதுவதற்கு ஒன்றும் இல்லாமல் எழுதக் கை வரவில்லை.

இப்போது ஒன்று இருக்கிறது. டிசம்பர் முதல் வாரம் அந்த நாட்டுத் தலைவர் டெல்லி வருகிறார். நம் ஆட்களைப் பற்றிப் பேச்சில் கேட்கலாம் என்று என் மேலதிகாரி ஒப்புக்கொண்டிருக்கிறார். நான் வாய்விட்டுக் கேட்டேன் அக்கா. ஆபீசில் இதுவரை எனக்காக நான் எதுவும் கேட்டதில்லை. "என் மருமகன் சார், என் மடியில் மொட்டை போட்ட பிள்ளை" என்று சொன்னேன். அவர் தண்ணீர் கொடுத்தார்.

அதுவரை பொறு. அதற்கு அப்புறம் நான் எதையும் சொல்லித் தடுக்க மாட்டேன்.

அன்புத் தம்பி,
முனிகிருஷ்ணன்

*

பிச்சாட்டூர்
23.11.2025

அன்புள்ள தம்பிக்கு,

நீ கேட்டாய் என்று படித்ததும் எனக்குப் பாதி வயிறு நிறைந்தது. உன் மாமாவிடம் படித்துக் காட்டினேன். "கேட்டானா?" என்று இரண்டு தரம் கேட்டார்.

அந்த மொட்டை நாள் எனக்கும் நினைவு வந்தது. மலையில் உன் மடியில் உட்கார்ந்து, கத்தி பட்டதும் உன் புது வேட்டியெல்லாம் நனைத்துவிட்டான். நீ அந்த வேட்டியோடுதான் தரிசனத்துக்கு வந்தாய். வரிசையில் பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள்.

இங்கே புரோகிதரிடம் கேட்டோம். உடம்பு கிடைக்காவிட்டால் தர்ப்பையில் ஆள் மாதிரி செய்து எரிக்கலாமாம். சாத்திரத்தில் இருக்கிறதாம். முடியைப் பற்றித்தான் வழக்கு. வேண்டிக்கொண்டது சாமி சொத்து, மலைக்குத்தான் போக வேண்டும் என்கிறார் அவர். அவன் உடம்பிலிருந்து நமக்கு வந்தது அது ஒன்றுதான், தர்ப்பைக்குத் தலையில் அதை வைத்து எரித்தால்தான் அவனை எரித்ததாகும் என்று எனக்குத் தோன்றுகிறது. பாதி பாதியாகப் பிரிக்கலாமா என்றும் நினைத்தேன். ஒரு பிடி முடியை எப்படிப் பிரிப்பது? அவிழ்த்துப் பார்த்துவிட்டு முடிந்துவிட்டேன்.

டிசம்பரில் அவர்கள் பதில் சொல்லி உடம்பு வந்தால் இந்த வழக்கே இல்லை. அவனை எரித்துவிட்டு முடியை மலைக்குக் கொண்டுபோவேன். வராவிட்டால் மார்கழி அமாவாசை அன்று, 19ஆம் தேதி, தர்ப்பையை எரித்துவிடுவது என்று இருக்கிறோம். இனி என்னால் இரண்டு பேருக்கும் தலையாட்ட முடியாது.

எப்படி இருந்தாலும் நீ வர வேண்டும். தாய்மாமன் கோடித் துணி போடாமல் பிள்ளையை அனுப்ப முடியாது. ஒரு நாள் போதும். ரேணிகுண்டாவில் விமானம் இறங்கினால் பிரவீன் வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன் என்கிறான்.

உன் அக்கா,
தாட்சாயணி

*

புது டெல்லி
11.12.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கேட்டார்கள். நான் அந்த அறைக்கு வெளியில்தான் நின்றிருந்தேன். வெளியே வந்ததும் என் மேலதிகாரி சொன்னார். நம் ஆட்களைப் பற்றிக் கேட்டதற்கு, தேடிக்கொண்டிருக்கிறோம், கிடைத்தால் தெரிவிக்கிறோம் என்று பதில் வந்ததாம்.

அவ்வளவுதான் அக்கா.

திரும்பக் கேட்கச் சொல்லலாமா என்று நினைத்தேன். அதற்கு வழியில்லை. இந்த மாதிரி இடத்தில் ஒன்றை ஒரு முறைதான் கேட்கலாம். தேடுகிறோம் என்று ஒருவர் சொன்ன பிறகு மறுபடி கேட்டால், நீ பொய் சொல்கிறாய் என்று சொன்னதாகிவிடும். அப்புறம் மற்ற பேச்சும் கெடும்.

இன்னொன்று. ரஷ்யத் தலைவர் போன கையோடு அமெரிக்காவிலிருந்து வியாபாரப் பேச்சுக்கு ஆட்கள் வந்திருக்கிறார்கள். அடுத்த வாரமும் பேச்சு இருக்கிறது. அவர் வந்து போனதைப் பார்த்து இவர்கள் முகம் வாடியிருக்கிறது. எல்லாம் பதமாகப் போக வேண்டிய நேரம். எங்கள் பிரிவில் யாருக்கும் லீவு இல்லை. நான் கேட்டேன், முடியாது என்றார்கள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. இந்தப் பேச்சு முடிந்தால்தான் வரி குறையும். மாமாவின் மாங்காய்க்கும் இதுதான் வழி.

19ஆம் தேதி என்னால் வர முடியாது அக்கா. கோடித் துணி வாங்கிப் பார்சலில் அனுப்புகிறேன். என் பெயரைச் சொல்லி யாராவது போடட்டும். பேச்சு முடிந்ததும் நானும் நந்திதாவும் வருகிறோம்.

உன் தம்பி,
முனிகிருஷ்ணன்

*

பிச்சாட்டூர்
28.12.2025

தம்பி முனிகிருஷ்ணனுக்கு,

காரியம் முடிந்தது. எப்படி நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

காலையிலேயே ஆற்றங்கரைக்குப் போனோம். அணையில் தண்ணீர் திறந்திருந்ததால் ஆற்றில் கணுக்கால் அளவு ஓடியது. புரோகிதர் தர்ப்பையை முடிந்து கை, கால், இடுப்பு எல்லாம் செய்தார். எவ்வளவு சின்னதாக இருந்தது தெரியுமா, பிறந்தபோது இருந்த அளவுதான். தலை வைக்கும்போது என்னைப் பார்த்தார். மஞ்சள் துணி என் மடியில் இருந்தது. எனக்குக் கை போகவில்லை. வேண்டுதல் பாக்கி வைத்துப் போனால் அவனுக்குப் பாவம் வருமோ என்று ஒரு பயம்.

உன் மாமாதான் பேசினார். "சாமிக்கு ஊரு முடியெல்லாம் இருக்குது. நமக்கு இது ஒண்ணுதான் கீது. குடு தாட்சாயணி" என்றார். புரோகிதரே வாங்கி வைத்துக் கட்டினார்.

கோடி போட மாமன் எங்கே என்று கேட்டார்கள். டெல்லியில் வேலை என்றேன். "அம்மாம் பெரிய வேலையா?" என்று பின்னால் ஒருத்தி கேட்டாள். உன்னை விட்டுக்கொடுக்க மனசில்லாமல், ஆமாம், நாட்டு வேலை என்றேன். உன் பார்சல் வரவில்லை. அப்புறம் பிரவீன் தோளில் இருந்த துண்டை எடுத்து, அந்த மூன்று விரல் கையால் விரித்துப் போட்டான். அவன் மாமன் முறை இல்லை. யாரும் அதைச் சொல்லவில்லை.

நன்றாக எரிந்தது. முடி கருகுகிற வாசனை வந்தபோதுதான் உன் மாமா உட்கார்ந்து அழுதார். அதற்கு முன்னால் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

உடம்பில்லாத காரியம் என்பதால் கருமாதியையும் உடனே முடித்து, எரித்த மூன்றாம் நாள் மலைக்குப் போனோம். தீட்டு, ஒரு வருஷம் மலை ஏறக் கூடாது என்றார்கள். கடனாளியாக ஒரு வருஷம் என்னால் இருக்க முடியாது, சாமி என்னைத் திட்டினால் திட்டட்டும் என்று போனேன். மொட்டை போடுகிற கல்யாணக் கட்டாவில் பெண்களுக்குப் பெண்களே முடி எடுக்கிறார்கள். தலையை நனைத்துக்கொண்டே "எவரி மொக்கம்மா?" என்று கேட்டாள், யாருடைய வேண்டுதல் என்று. "மா அப்பாயிதி" என்றேன், என் பையனுடையது. பையன் வரவில்லையா என்றாள். தூரத்தில் வேலை என்றேன். அப்படிச் சொல்லிவிட்டு உன்னைப் பற்றியும் அவனைப் பற்றியும் ஒரே பதில் சொல்லிவிட்டேனே என்று நினைத்துக்கொண்டேன்.

என் முடி இடுப்பு வரை இருந்தது. அவன் கொடுக்க வேண்டியதைவிட அதிகம்தான். இப்போது தலை லேசாக இருக்கிறது. குளிர்கிறது.

தம்பி, நீ எழுதினதை நான் பல தரம் படித்தேன். அதில் பொய் இல்லை. நாடு என்றால் நூறு கோடி வயிறு, ஒரு பிள்ளைக்காகக் கடையைச் சாத்த முடியாது, அது எனக்குப் புரியாமல் இல்லை. புரிகிறது, அதுதான் இத்தனை அசதியாக இருக்கிறது. ஆனால் நம் பக்கத்தில் மாடு தொலைந்தால்கூட மூன்று தரம் போய்க் கேட்பார்கள். அவர்களிடம் ஒரு தரம் கேட்டதோடு விட்டீர்கள். உன் லீவையும் ஒரு தரம்தான் கேட்டிருக்கிறாய்.

இனிமேல் ஹேமநாத்தைப் பற்றி நீ யாரிடமும் கேட்க வேண்டாம். தேடவும் வேண்டாம். இங்கே அவனை எரித்துவிட்டோம்.

பேச்சு முடிந்ததும் வருகிறோம் என்று எழுதியிருந்தாய். இப்போது வர வேண்டாம். வந்தால் நான் உனக்குச் சோறு போடுவேன், நீ மாங்காய் வரியைப் பற்றிப் பேசுவாய், உன் மாமா தோட்டத்துக்குப் போய்விடுவார்.

உன் பார்சல் அமாவாசை கழிந்து மூன்று நாளைக்கு அப்புறம் வந்தது. நல்ல வேட்டி, கரை பார்த்தேன். கோடித் துணி வீட்டில் தங்கக் கூடாது. இதோடு திருப்பி அனுப்புகிறேன். உன் வீட்டிலும் வைக்காதே, நந்திதாவுக்கு ஆகாது. அங்கேயும் ஆறு ஓடுகிறது என்பாயே, அதில் அவன் பெயரைச் சொல்லி விட்டுவிடு. காலையில் விட வேண்டும். ஆபீசுக்குப் போகிற வழியில் விட்டுவிட்டுப் போகிற காரியம் இல்லை இது. குளிக்க வேண்டும், அன்றைக்கு முழுக்க வேறு வேலை பார்க்கக் கூடாது.

ஒரு நாள் லீவு கேள். யார் வந்திருந்தாலும் கேள். கொடுக்காவிட்டால் மறுபடியும் கேள்.

ஹேமநாத்தின் அம்மா,
தாட்சாயணி